தம்பிலுவிலுக்கு இரண்டு தடவை

ஹஜ்ஜுக்குப் போக முன்னர் ஊருக்கு வந்து எல்லோரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்படி ரொறன்ரோவில் இருந்த என்னிடம் ராத்தா, என் மூத்த சகோதரி, தொலைபேசியில் சொன்னார். அதை வாட்ஸ்அப்பில் கேட்டால் போதாதா என்றேன். "அப்ப ஹஜ்ஜையும் வாட்ஸ்அப்பிலயே செஞ்சிரு" என்றார். அன்றே வேலைத்தலத்தில் பத்து நாள் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் இது வழக்கம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய், "ஏதும் பிழை உட்டிருந்தா மன்னிச்சி பொருந்திக்கங்க" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர், "பொருந்தினன், எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்பார்; மன்னித்துவிட்டேன், எங்களுக்காகவும் பிரார்த்தியுங்கள் என்று அர்த்தம். இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், ஹஜ் செய்தாலும் அது கழியாது என்பது எங்கள் நம்பிக்கை. இந்த வழக்கத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. என்ன பிழை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு. உலகத்துப் பிழைகள் எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு எழும்பி வரலாம்.

முதல் நாள் விடியற்காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உம்மா என் கன்னத்தைத் தடவி, மெலிந்துவிட்டேன் என்றார். பதினெட்டு கிலோ கூடியிருக்கிறேன். ராத்தா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் வீடுகளை இலக்கமிட்டு எழுதி வைத்திருந்தார். நாற்பத்தொரு வீடு. குளித்து, பிட்டும் கீரிமீன் பொரியலும் சாப்பிட்டு முடியும்போதே ஓட்டோ வாசலில் நின்றது.

வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு தேநீர். வீட்டுக்கு வீடு சீனி கூட. பன்னிரண்டாவது வீட்டில் தேநீர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப எப்புடிப் பொருந்துற?" என்று அந்த வீட்டு மாமி கேட்டார். குடித்தேன். மருதமுனையில் தறி வைத்திருக்கும் சாச்சா ஒரு சாரன் தந்தார். சிறு வயதில் நான் எறிந்த கல்லில் ஓடு உடைந்த வீட்டுக்காரர், அந்த ஓட்டை இப்போதும் அடைக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தபடியே பொருந்தினார். ரொறன்ரோவில் காலை மிதித்தவனும் மிதிபட்டவனும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்பார்கள். ஆனால் அதற்காக யாரும் யாருடைய வீட்டுக்கும் வருவதில்லை. இங்கே காலை மிதித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிறகு ஒருநாள் வெள்ளை உடுத்து வாசலில் வந்து நிற்பார்கள்.

நாற்பத்தொரு வீடும் முடிந்து, இரவு ராத்தா கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "தம்பிலுவில் கிருபா இரிக்கானே, ஒன்னோட கனடாவுல பந்தடிச்ச பொடியன், அவனிட்டயும் போகத்தானே வேணும்?" என்றார்.

"அவன் முஸ்லிம் இல்லயே ராத்தா."

"பிழை செஞ்சா அதுல முஸ்லிம் என்ன, தமிழ் என்ன? பெரும்போக நெல்லு வெட்டினா உம்மாவுக்கு ஒரு மூட்ட அரிசி கொண்டந்து தாற பொடியன். நீ சொல்லியா தாறான்? அவனாத்தான் தாறான்." நாற்பத்திரண்டு என்று போட்டு அவனுடைய பெயரை எழுதினார்.

அரிசி விஷயம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் உம்மா தொலைபேசியில் சொல்வார். ஒவ்வொரு வருடமும் நான் பேச்சை மாற்றுவேன். உண்மையைச் சொன்னால், நான் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து எனக்கிருந்தது அந்த ஒரு வீட்டுப் பயம்தான். மற்ற நாற்பத்தொன்றும் தேநீர்.

கிருபாவை எனக்கு மாவட்ட உதைபந்தாட்ட அணித் தெரிவிலிருந்து பழக்கம். இரண்டு பேரும் இடது காலால் அடிப்பவர்கள். இடது பக்கத்தில் ஒரு இடம்தான் இருந்தது. அது அவனுக்குக் கிடைத்தது. அவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன். இந்த ஒரு வசனத்தை எழுத எனக்குப் பதினான்கு வருடம் பிடித்திருக்கிறது.

கனடாவுக்கு நான்தான் முதலில் போனேன். ரொறன்ரோவில் ஒரு கல்லூரி; அதன் உதைபந்தாட்ட அணியில் இருந்தால் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணத்தில் பாதி கழிவு. முதல் குளிர்காலத்தில் எனக்குப் பேச ஆள் இல்லை. பூமிக்குக் கீழே ஒரு அறை. யன்னலில் பனிதான் தெரியும். கதைக்க ஒருவன் வேண்டும் என்பதற்காகவே பயிற்சியாளரிடம் கிருபாவின் ஆட்டப் பதிவைக் காட்டினேன். அவர் அதை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். அடுத்த ஆகஸ்டில் கிருபா வந்து இறங்கினான். மாசிச் சம்பல் ஒரு போத்தலும் இரண்டு சோடி பூட்ஸும் கொண்டு வந்தான்.

அணியில் கானாக்காரன், ஈரான்காரன், போர்த்துக்கேயன் என்று எல்லோரும் இருந்தார்கள். மைதானம் செயற்கைப் புல். விழுந்தால் முழங்கால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஊரில் நாங்கள் ஆடிய கடற்கரை மணலில் பந்து ஓடாது. காலோடு காலாக வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இந்தப் புல்லில் பந்து நம்மை விட்டுவிட்டு ஓடும். அதற்குப் பழக எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. கிருபாவுக்கு இரண்டு வாரம். அக்டோபரில் விரல் நுனி உணர்வில்லாமல் போகும் குளிரில் அவன் இடது பக்கக் கோட்டோடு பந்தைக் கொண்டுபோவான். மாற்று ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வர முன்னர் இடது பக்கம் என்னுடையது; அந்த வாங்கு என் இடமல்ல.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது பஸ்ஸில் ஆளுக்கொரு பெட்டி தருவார்கள். பாணுக்குள் பன்றி இறைச்சி. நான் வாழைப்பழத்தை மட்டும் எடுப்பேன். கிருபா பேசாமல் தன் பாற்கட்டியையும் பிஸ்கட்டையும் எடுத்து என் மடியில் வைப்பான். அவனுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்கும் அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சீலன் அண்ணன் வருவார். மட்டக்களப்புக்காரர்; சொந்தமாக ஒரு வான் வண்டி வைத்திருந்தார்; கிழக்கு மாகாணத்துப் பொடியன்களைச் சேர்த்து ஒரு உதைபந்தாட்டக் கழகம் நடத்தினார். நாங்கள் இருவரும் வேறு பெயர்களில் அவருக்காக ஆடினோம். ஆட்டம் முடிந்தால் அவருடைய வீட்டில் சோறு. அந்தச் சோற்றுக்காகத்தான் ஆடினோம் என்று சொன்னாலும் பிழையில்லை. அண்ணனின் மனைவி, நான் ஒருவன் இருக்கிறேன் என்பதற்காக முழுக் கழகத்துக்குமே ஹலால் கடையில் இறைச்சி வாங்கிச் சமைத்தார். கல்லூரி விதி வேறு மாதிரி. பருவம் நடக்கும்போது வெளியே எந்த அணிக்கும் ஆடக்கூடாது என்று நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை, பயிற்சி முடிந்து பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் பக்கத்தில் வந்தார். "உன் கூட்டாளிக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் ஏன் கால் இழுக்கிறது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குளிர் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன். கழகத்தின் பெயர், மைதானம், நேரம், அவன் ஆடும் பொய்ப் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாங்கில் இருப்பவனின் கால் இழுத்தாலும் யாருக்கும் தெரியாது.

கிருபாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேறு யாரும் உன்னோடு ஆடினார்களா என்று கேட்டார்களாம். தனியாகத்தான் என்றானாம். அணியிலிருந்து எடுத்தார்கள், கழிவு போயிற்று, முழுக் கட்டணம் கட்ட அவனுடைய அப்பாவால் முடியாது. டிசம்பரில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "சீலன் அண்ணன்தான் எங்கயோ வாய் தவறிச் சொல்லியிருக்கார், என்ன?" என்று கேட்டான்.

"இருக்கும்" என்றேன்.

அவனுடைய பெட்டியைச் சுரங்க ரயில் நிலையம் வரைக்கும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகு இரண்டரை வருடம் இடது பக்கத்தில் ஆடினேன். அவ்வளவு காலமும் பந்து என் காலுக்கு வரும்போதெல்லாம் அது அவனிடம் போக வேண்டியது என்ற நினைப்பும் கூடவே வந்தது. பட்டம் பெற்றேன், வேலை கிடைத்தது, குடியுரிமையும் கிடைத்தது. சில வருடம் கழித்துத் தமிழ்க்கடை ஒன்றில் சீலன் அண்ணனைக் கண்டேன். ஊருக்குப் போயிருந்தபோது கிருபாவின் கல்யாண வீட்டுக்குப் போனாராம். வாசல் படலையில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டானாம். "என்ன பிழை செஞ்சன் எண்டு எனக்குத் தெரியல்ல தம்பி" என்றார். நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அவன் அப்படித்தான் அண்ண" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் காலை தம்பிலுவிலுக்குப் பஸ் ஏறினேன். தனியார் பஸ்ஸும் அரசாங்க பஸ்ஸும் நிந்தவூர் தொடக்கம் ஒன்றையொன்று முந்தின. அட்டாளைச்சேனையில் ஒரு பெண் தன் கோழிக்கூட்டை என் மடியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் புடிங்க தம்பி" என்றார். அக்கரைப்பற்றில் அவர் இறங்கியபோது கூட்டை வாங்கிக்கொண்டார். கோழிகள் சட்டையில் போட்டதை நான் வாங்கிக்கொண்டேன்.

தம்பிலுவில் வந்ததும் பஸ் வேகம் குறைந்தது. நான் கதவடியில் நின்று, அது முழுதாக நிற்கட்டும் என்று காத்திருந்தேன். ரொறன்ரோவில் பஸ் நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, கதவு திறந்த பிறகுதான் மனிதன் கால் வைப்பான். இங்கே வேகம் குறைந்தால் அதுதான் நிறுத்தம். நடத்துனர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், பஸ் போய்விட்டது. திருக்கோவிலில் இறக்கிவிட்டு, "ஐயா நித்திரயா?" என்று கேட்டார். அங்கிருந்து ஓட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். ஓட்டோக்காரர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கிருபா வீட்டில் இல்லை. அவனுடைய மனைவி என்னை முன்பின் கண்டதில்லை. ஆனால் பெயரைச் சொன்னதும் அறிந்துகொண்டார். "ஜெமீல் அண்ணனா? இவர் உங்களப் பத்தித்தான் எப்பயும் கதைக்கிற" என்றார். அவன் சாகாமத்தில் வயலில் நிற்கிறான் என்று சொல்லி, சோற்றுப் பார்சல் இரண்டு கட்டித் தந்தார். "மீனும் மரக்கறியும்தான் அண்ண, நீங்க சாப்பிடலாம்" என்றார். அதே ஓட்டோவில் சாகாமத்துக்குப் போனேன்.

சிறுபோக நெற்செய்கைக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். கிருபா இப்போது அந்த வயற்கண்டத்துக்கு வட்டவிதானை. யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பது அவன் பொறுப்பு. நான் போய்ச் சேர்ந்த நேரம் வாய்க்காலடியில் ஒரு சண்டை. முறை இல்லாத யாரோ இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்பியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கிருபா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். தொப்பை கொஞ்சம் விழுந்திருந்தது. நிற்பது மட்டும் பழையபடி, வலது காலில் பாரத்தைப் போட்டு.

"ஆர் வெட்டின எண்டு சொன்னா நான் ஒண்டும் ஏசமாட்டன்" என்றான். "சொல்லாட்டி எல்லாருக்கும் முறை பிந்தும்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நடுத்தர வயதுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தான். நாத்து காய்ஞ்சு போச்சு."

"போய் நீங்களே அடைச்சிட்டு வாங்க. நாளைக்கு முதல் முறை உங்கட."

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. பிறகுதான் கிருபா என்னைக் கண்டான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சேற்றுக் கையோடு கட்டிப் பிடித்தான். "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறயேடா மச்சான்." என் சட்டையில் கோழியும் சேறும் சமமாக இருந்தன.

குளக்கட்டில் மர நிழலில் இருந்து சாப்பிட்டோம். குளத்து மீன் குழம்பு, கீரை, அரைத்த சம்பல். பழைய கதைகளை அவன்தான் எடுத்தான். அறையில் சோறாக்கும் சட்டி எரிந்த கதை, கானாக்காரன் மாசிச் சம்பலைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு மைதானத்தில் அழுத கதை. தன்னை வெளியேற்றிய கதையை மட்டும் எடுக்கவில்லை. மைதானம் இப்போதும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். உள்ளே போய் எத்தனையோ வருடமாகிறது என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் வசனத்தைச் சொன்னேன். காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தது. "கிருபா, நான் ஹஜ்ஜுக்குப் போறன். ஏதும் பிழை உட்டிருந்தா மன்னிச்சி பொருந்திக்க."

அவன் எங்கள் ஆட்களோடு வளர்ந்தவன். இந்த வசனம் அவனுக்குப் புதிதல்ல; பதில் என்ன என்பதும் அவனுக்குத் தெரியும். கையைக் குளத்தில் கழுவிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்து, "என்னத்துக்கு?" என்று கேட்டான்.

நாற்பத்தொரு வீட்டிலும் யாரும் கேட்காத கேள்வி. "எல்லாத்துக்கும்தான்" என்றேன்.

"எல்லாத்துக்கும் எண்டா எனக்கு விளங்காது. என்ன செஞ்ச, சொல்லு."

சொல்லத்தான் வந்திருந்தேன். அந்த நடுத்தர வயதுக்காரர் சொன்ன மாதிரி இரண்டு சொல்லில் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "ஒன்ட பூட்ஸ கேக்காம ஒருநாள் போட்டுட்டுப் போனன். அடி கழண்டுட்டு. பசை போட்டு ஒட்டி வெச்சன்."

கிருபா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். "அது பொருந்தினன், போ" என்றான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ராத்தா கொப்பியோடு காத்திருந்தார். "என்ன, பொருந்தினானா?"

"ஓம்."

நாற்பத்திரண்டுக்கு மேல் கோடு போட்டார். உம்மா அந்த அரிசியில்தான் சமைத்திருந்தார். இரண்டு பிடிக்கு மேல் என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் வாப்பா, மருந்துக் களஞ்சியத்தில் இருபது பேருக்கு மேற்பார்வையாளன். பூட்ஸுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் திரும்பவும் தம்பிலுவிலுக்குப் போகிறேன் என்றேன். ராத்தா கொப்பியை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

இந்தத் தடவை அவன் வீட்டில் இருந்தான். கொட்டிலில் உழவு இயந்திரத்தின் பக்கத்தில் வாங்கு ஒன்றில் உட்கார்ந்து ஏதோ இயந்திரப் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. "நேத்தே நினைச்சன்" என்றான். "நீ பூட்ஸுக்கு வந்தவன் இல்ல."

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் திரும்பவும் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயம். திங்கட்கிழமை, பந்துச் சாக்கு, பயிற்சியாளர் கேட்டது, நான் சொன்னது, ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கு உன் இடம் வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். சீலன் அண்ணன் என்று நீ சொன்னபோது இருக்கும் என்று சொன்னவனும் நான்தான் என்றேன்.

கிருபா கழற்றிய ஆணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான். வீட்டுக்குள்ளே அவனுடைய மகள் ஏதோ பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"சீலன் அண்ணன் இல்லயா அப்ப?" என்று கேட்டான்.

"இல்ல."

"அவர்ர நம்பர் இருக்கா?"

என் தொலைபேசியில் இருந்தது. இத்தனை வருடமும் இருந்தது. ரொறன்ரோவில் அப்போது காலை எட்டு மணி. என் தொலைபேசியிலிருந்தே எடுத்தான். கையில் கிரீஸ் என்பதால் பக்கத்தில் வாங்கில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லு தம்பி ஜெமீல்" என்றது சீலன் அண்ணனின் குரல்.

"ஜெமீல் இல்ல அண்ண. கிருபா. தம்பிலுவில் கிருபா."

அந்தப் பக்கம் கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ண, நான் உங்களப் பிழையா நினைச்சிட்டன். நீங்கதான் கல்லூரிக்குச் சொன்ன எண்டு நினைச்சன். கல்யாணத்துக்கு வந்த உங்கள வாசலில வெச்சி அனுப்பினன். நீங்க இல்ல எண்டு இப்பதான் தெரிஞ்ச. மன்னிச்சிக்கங்க."

சீலன் அண்ணன் கேத்திலை அணைத்தார். "அதுவா தம்பி. நான் யோசிச்சன், உனக்குச் சரியாச் சாப்பாடு தரல்லயோ எண்டு. அதெல்லாம் போகட்டும். காலுக்கு ஒண்டும் இல்லயே? பிள்ளைகள் எத்தின?"

"ஒரு மகள் அண்ண."

"அப்ப ஆர் சொன்ன எண்டு தெரிஞ்சிதா?"

கிருபா என்னைப் பார்க்கவில்லை. "அது இனி வேணாம் அண்ண" என்றான்.

அன்றைக்குக் கல்லூரியில் தனியாகத்தான் என்று சொன்னவனும் இவன்தான். இரண்டாவது தடவையும் என்னைக் காப்பாற்றியிருக்கிறான், அதுவும் எல்லாம் தெரிந்துகொண்டு. எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. அவர்கள் இருவரும் மகளின் படிப்பு, கனடாவில் வீட்டு வாடகை, சாகாமத்துத் தண்ணீர் என்று இருபது நிமிடம் கதைத்தார்கள். நான் உழவு இயந்திரத்தின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிருபாவின் மனைவி தேநீர் கொண்டு வந்தார். முகங்களைப் பார்த்தார், கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனார். குடித்தோம். பிறகு கிருபா மோட்டார் சைக்கிளை எடுத்தான். பிரதான வீதி வரைக்கும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். கல்முனைப் பஸ் வரும் இடத்தில் இறக்கிவிட்டு, போய்விடாமல், மோட்டார் சைக்கிளை நிறுத்தி என் பக்கத்தில் நின்றான். விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போவது இங்கத்தைய முறை.

நான் திரும்பவும் கேட்டேன். இந்தத் தடவை வசனமாக இல்லை. "கிருபா, என்னைப் பொருந்துவியா?"

அவன் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பொருந்த மாட்டன் எண்டு நான் சொல்லல்ல. ஆனா இப்ப உனக்கு அது தேவைப்படுது. ஹஜ்ஜுக்குப் போக இதுவும் ஒரு விசா மாதிரி உனக்கு வேணும். அதுக்குத்தான் வந்த. நீ போயிட்டு வா. எல்லாம் நல்லா முடியட்டும். பிறகு உனக்கு என்னட்ட இருந்து ஒண்டும் தேவையில்லாத ஒரு நாளில வந்து கேளு. அப்ப சொல்றன்."

பஸ் வந்தது. அவன் கை கொடுத்தான். நான் ஏறினேன்.

ரொறன்ரோவுக்கு வந்து இரண்டாம் நாள் சீலன் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோளில் தட்டி, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அவருடைய மனைவி தேநீரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவர், நான் எழும்பி வரும்வரைக்கும் வெளியே வரவில்லை. அந்த அம்மா செய்தது சரி.

கிருபா சொன்னதை எங்கள் குழுவை அழைத்துப் போகும் மௌலவியிடம் சொன்னேன். மனம் திறந்து கேட்டுவிட்டீர்கள், உங்கள் கடமை முடிந்தது, தாராளமாகப் போகலாம் என்றார். போனேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அறபாப் பெருவெளியில் கையை ஏந்தியபோது கிருபாவின் பெயரைச் சொல்லி நிறைய அழுதேன். ஹஜ்ஜுக்காக மழித்த மொட்டைத் தலையோடு திரும்பி வந்தேன். பள்ளிவாசலில் ஹாஜியார் என்று கூப்பிடுகிறார்கள், ஊரில் ராத்தாவும் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறார்.

ஏழு மாதமாகிறது. தலைமயிர் பழையபடி வளர்ந்துவிட்டது. இந்த வருடப் பெரும்போக அரிசி வந்துவிட்டதாக நேற்று உம்மா சொன்னார். விடுமுறை மிச்சம் இருக்கிறது, டிக்கெட்டும் மலிவு. கிருபாவிடமிருந்து எனக்கு இப்போது தேவையானது எதுவும் இல்லை. அவன் சொன்ன நாள் இதுதான். நான் இன்னும் புறப்படவில்லை.